மழை இல்லாத நாளில் வடிகால் பார்ப்பது: நிலம் வாங்கும் முன் எந்தச் சோதனையை நம்பலாம்?

இரண்டு நிலங்களுக்கு நடுவில் ஒரு மாதம் அல்லாடிக்கொண்டிருந்தேன். ஒன்று சமதளம். கறுத்த மண், கோடையிலும் வரப்போரம் பசுமை வாடாத இடம், கிணற்றில் எட்டிப் பார்த்தால் ஓர் ஆள் ஆழத்தில் தண்ணீர். இன்னொன்று லேசான சரிவு. வெளிறிய பழுப்பு மண், நடந்தால் சரளை காலை இடறும், புல்கூட யோசித்து யோசித்துத்தான் முளைத்திருந்தது. காய்கறியும் கொஞ்சம் பழமரமும் வைப்பது என் திட்டம். கூட வந்தவர்கள் எல்லோரும் முதல் நிலத்தைத்தான் கைகாட்டினார்கள். நானும் முன்பணம் கொடுக்கிற கட்டம் வரைக்கும் போய்விட்டேன். கடைசியில் வாங்கியது இரண்டாவதை.

முடிவை மாற்றியது வடிகால், அதாவது தண்ணீர் தேங்காமல் மண் வழியாக இறங்கிப் போகும் தன்மை. அதைச் சோதிக்க மூன்று நான்கு வழிகள் இருக்கின்றன என்று படித்துவிட்டு எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ஒன்று சொன்னதை இன்னொன்று மறுத்தது. எதை நம்புவது என்று உட்கார்ந்து யோசித்ததில் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? வேர் மூச்சு விடுகிறது. மண்துகள்களுக்கு நடுவில் இருக்கும் இடுக்குகளில் காற்று இருந்தால்தான் அதற்கு ஆக்சிஜன் கிடைக்கும். அந்த இடுக்குகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் ஆக்சிஜன் நகரும் வேகம் காற்றில் இருப்பதில் ஏறக்குறைய 10,000-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பப்பாளி மாதிரி மென்மையான பயிர் வேரில் இரண்டு நாள் தண்ணீர் கட்டினாலே செத்துவிடலாம். தக்காளி, மிளகாய் எல்லாம் தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடும். பார்க்கிறவர் தாகம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்.

சத்துக் குறைந்த மண்ணுக்கு எருப் போடலாம். தண்ணீர் இல்லாத நிலத்துக்குச் செலவு செய்தாவது கொண்டுவரலாம். நிற்கிற தண்ணீரை வெளியேற்ற வேண்டுமென்றால் மட்டும், அது போய் விழுவதற்கு உங்கள் நிலத்தைவிடத் தாழ்வான ஓர் இடம் வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் உங்களுடையதாக இருக்காது.

மழைக்குப் பிறகு போய்ப் பார்ப்பது

நேரடியான வழி இதுதான். நல்ல கனமழை பெய்து 24 மணி நேரம் கழித்து ஒரு தடவை, 48 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை போய் நடந்து பாருங்கள். இரண்டாம் நாளும் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கிற பள்ளம் எங்கே, கால் புதைகிற இடம் எங்கே என்று குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. செலவு கிடையாது, கருவி கிடையாது.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. சரிவான நிலத்தில் தண்ணீர் தேங்காமல் இருப்பது மண் குடித்ததாலா, மேலோடு வழிந்து ஓடியதாலா என்பது நின்று பார்த்தால் தெரியாது. அதேபோல, மேலே குட்டையாக நிற்கும் தண்ணீருக்கு அடியில் ஒரு சாண் தோண்டினால் மண் காய்ந்து கிடக்கலாம். அங்கே அடிமண் நன்றாகத்தான் இருக்கிறது. மழைத்துளி அடித்து மேல்மண் ஏடு கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே மழைக்குப் பிறகு போகும்போதும் கையில் மண்வெட்டி வேண்டும்.

பெரிய சிக்கல் காலம். நிலம் விற்கிறவர் மழைக்காலம் வரைக்கும் காத்திருக்க மாட்டார். பள்ளமான நிலங்கள் விற்பனைக்கு வருவதும் அநேகமாகக் காய்ந்து, வெளுத்து, அழகாக இருக்கும் மாதங்களில்தான். எனக்கும் அப்படித்தான் அமைந்தது. மழைக்கு நான்கு மாதம் இருந்தது.

குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது

எல்லோரும் சொல்லும் சோதனை இது. 30 செ.மீ. நீளம், அகலம், ஆழம் கொண்ட குழி ஒன்றை வெட்டி, தண்ணீர் நிரப்பி, அது முழுக்க வடியும் வரை விட்டுவிட வேண்டும். முடிந்தால் இரவு முழுக்க ஊறட்டும். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று ஒரு குச்சியில் அடையாளம் வைத்து அளக்க வேண்டும். மணிக்கு 2.5 முதல் 7.5 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான பயிர்களுக்கு நல்லது. 2.5-க்குக் கீழே போனால் மந்தம். 10-க்கு மேலே போனால் ஓட்டைப் பானை. தண்ணீரும் உரமும் சேர்ந்தே இறங்கிவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால் முதலில் இடுப்பு வலிக்கும். அந்தக் குழி ஒரு தடவைக்கு 27 லிட்டர் குடிக்கும். ஊறவைக்க ஒரு தடவை, அளக்க ஒரு தடவை, ஒரு நிலத்துக்குக் குறைந்தது மூன்று குழி என்றால் 162 லிட்டர். தண்ணீர் வசதியில்லாத நிலத்துக்கு அதைக் கேனில் சுமந்து போக வேண்டும். அதனால்தான் பலரும் ஊறவைக்கும் பகுதியை விட்டுவிடுகிறார்கள். நானும் முதல் நாள் விட்டுவிட்டேன்.

கறுத்த மண் நிலத்தில் குழி வெட்டி நிரப்பினேன். 40 நிமிடத்தில் காலி. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். தண்ணீர் இறங்கிய வேகம் கேட்டால் மணல் நிலம் என்று சொல்லிவிடலாம். பக்கத்துக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து குழியை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, வெடிப்பு குடிச்சிருக்கு. மண்ணு எங்க குடிச்சுது? நாளைக்கு மறுபடி ஊத்திப் பாருங்க."

அவர் சொன்னதுதான் விஷயம். களி அதிகமுள்ள மண் காயும்போது சுருங்கி வெடிக்கும். நனைந்தால் உப்பி அந்த வெடிப்பை மூடிக்கொள்ளும். கோடையில் முதல் குழித் தண்ணீர் வெடிப்பு வழியாக ஓடி மறைந்துவிடுகிறது. மறுநாள் ஊறிய குழியில் அளந்தபோது மணிக்கு ஒன்றரை செ.மீ.கூட இறங்கவில்லை.

சரி, இரண்டாவது நிலத்துக்குப் போனேன். இந்த முறை ஒழுங்காக ஊறவைத்தேன். அங்கேயும் ஏறக்குறைய அதே ஒன்றரை செ.மீ.! முதல் நாள் பாதிச் சோதனை ஒரு நிலத்தைப் பிரமாதம் என்றது. முழுச் சோதனை இரண்டையுமே வேண்டாம் என்றது.

இந்தச் சோதனையின் மற்ற பலவீனங்களையும் சொல்லிவிடுகிறேன். ஈரக் களிமண்ணில் மண்வெட்டி இழுத்தால் குழியின் சுவர் மெழுகியது மாதிரி வழுவழுப்பாகிவிடும். அந்தப் பூச்சு தண்ணீரை மறித்து, இருப்பதைவிட மோசமாகக் காட்டும். ஒரு முள்கரண்டியாலோ கத்தி நுனியாலோ சுவரைக் கீறிவிட்ட பிறகே நிரப்ப வேண்டும். அப்புறம், குழிக்கு ஓர் அடிப்பக்கம்தான், சுவர்கள் நான்கு. நிரம்பிய குழியில் தண்ணீர் தொடும் மண்ணில் ஐந்தில் நான்கு பங்கு பக்கச் சுவர். மழைத் தண்ணீர் நிலம் முழுக்க ஒரே சமயத்தில் கீழே இறங்குகிறது. அதற்குப் பக்கவாட்டில் ஓட இடமில்லை. குழித் தண்ணீருக்கு அந்த வசதி உண்டு. பாசனக் கையேடுகளில் களிமண்ணுக்கு மணிக்கு 1 முதல் 5 மி.மீ., மணலும் வண்டலும் களியும் கலந்த நடுத்தர இருமண்ணுக்கு 10 முதல் 20 மி.மீ. என்று நீர் உட்புகும் வேகம் போட்டிருப்பார்கள். குழியில் வந்த எண்ணை அந்த அட்டவணையோடு வைத்துப் பார்த்து உங்கள் மண் பிரமாதம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். பக்கக் கசிவைத் தவிர்க்க ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்களைத் தரையில் அறைந்து அளக்கும் முறை இருக்கிறது. வளையம் கிடைத்தால் செய்யுங்கள். வீட்டுத் தோட்ட அளவுக்கு அது தேவையில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான குறை ஒன்று. குழி ஓர் எண்ணைத்தான் தருகிறது. ஏன் அந்த எண் என்று சொல்வதில்லை.

ஆழமாகத் தோண்டி மண்ணின் நிறம் பார்ப்பது

என் கணக்கில் நிலம் வாங்குகிறவர் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் அது இதுதான். ஒரு மீட்டர் ஆழம், முடிந்தால் 1.2 மீட்டர். ஓர் ஆள் அரை நாளில் வெட்டிவிடலாம். வெயில் படும் பக்கத்துச் சுவரைக் கத்தியால் சீவிச் சுத்தமாக்கிவிட்டு மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வர வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: இடுப்புக்கு மேல் ஆழமான குழி மணற்பாங்கான மண்ணில் சரிந்து விழும். உள்ளே இறங்குவதானால் ஒரு பக்கம் படிக்கட்டாக வெட்டிக்கொள்ளுங்கள், தனியாக இறங்காதீர்கள்.

நிறத்தில் அப்படி என்ன இருக்கிறது? மண்ணின் சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் பெரும்பாலும் இரும்பின் துரு. மண்ணில் காற்று இருக்கும் வரை அந்தத் துரு துகள்கள்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். வாரக்கணக்கில் தண்ணீர் தேங்கினால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு இரும்பின்மேல் கை வைக்கின்றன. இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறித் தண்ணீரோடு நகர்ந்துவிடும். சாயம் போன துணி மாதிரி மண் சாம்பல் நிறமாகும். நிரந்தரமாகத் தண்ணீரில் கிடந்தால் நீலம் பச்சை கலந்த சாம்பல். தண்ணீர் வற்றும்போது பழைய வேர்த் துளைகள் வழியாகக் காற்று முதலில் நுழையும். கரைந்திருந்த இரும்பு அங்கே மறுபடி துருப்பிடிக்கும். அதனால்தான் சாம்பல் மண்ணில் ஆரஞ்சு நிறக் கோடுகளும் புள்ளிகளும் தெரிகின்றன. இப்படிப் புள்ளி விழுந்த ஆழம் வரை தண்ணீர் ஏறி இறங்குகிறது என்று அர்த்தம்.

இதன் அருமை என்னவென்றால், குழித் தண்ணீர்ச் சோதனை அன்றைய நிலைமையைச் சொல்கிறது. நிறம் பல வருட மழைக்காலங்களைச் சேர்த்துச் சொல்கிறது. சித்திரை வெயிலில் போய் நின்றாலும் ஐப்பசியில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டிக் கொடுத்துவிடும். மண்ணியலாளர்கள் மன்செல் வண்ண அட்டை என்று ஒன்றைக் கையில் வைத்து மண்கட்டியை ஒப்பிடுவார்கள். அதில் நிறச்செறிவு (நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதற்கான எண்) 2 அல்லது அதற்குக் கீழே வந்து, கூடவே துருப் புள்ளியும் இருந்தால் தண்ணீர் தேங்கும் மண் என்று சந்தேகப்படுவார்கள். நமக்கு அட்டை வேண்டாம். மேல்மண் கட்டி ஒன்று, அரை மீட்டர் ஆழத்துக் கட்டி ஒன்று, அடிக்கட்டி ஒன்று என்று மூன்றையும் கொஞ்சம் ஈரப்படுத்தி, வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உடைத்துப் பார்த்தால் போதும்.

கறுத்த மண் நிலத்தில் முதல் 40 செ.மீ. அழகான கருப்பு. 45-இல் நிறம் வெளிற ஆரம்பித்தது. 60-இல் கட்டியைப் பிட்டால் உள்ளே சாம்பல், வேர்த் துளை ஓரமெல்லாம் கம்பி இழுத்த மாதிரி ஆரஞ்சு. 90 செ.மீ.க்குக் கீழே எடுத்த மண்ணில் லேசாக அழுகிய முட்டை வாடை. மறுநாள் காலையில் குழிக்கு அடியில் ஒரு கை ஆழம் தண்ணீர் ஊறியிருந்தது, அதுவும் கோடையில். எல்லோரும் மெச்சிய அந்தக் கிணற்றின் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. நிலத்தடி நீர் அங்கே வேருக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறது. மழை வந்தால் அது மேலேதான் ஏறும்.

சரிவு நிலத்தில் குழி வெட்டிய ஆள் 25 செ.மீ. ஆழத்தில் கடப்பாரை கேட்டார். 8 செ.மீ. கனத்துக்கு ஒரு தட்டு, இறுகிப்போன மண். பல வருடம் ஒரே ஆழத்தில் ஓட்டிய கலப்பையும் ஈரத்தில் ஏறிய டிராக்டரும் செய்த வேலை. புல் வேர்கள் அதுவரைக்கும் நேராக வந்து, அங்கே முட்டி, முழங்கை மடக்கியது மாதிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தன. அதை உடைத்துக் கீழே போனால் 1.2 மீட்டர் வரை ஒரே சீரான செம்பழுப்பு. ஒரு துருப் புள்ளி இல்லை. நடுவில் பழைய மண்புழு வளைகள்கூடத் தெரிந்தன. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத் தட்டுக்குக் கீழே ஒரு சின்னக் குழி எடுத்து ஊறவைத்து அளந்தேன். மணிக்கு 6 செ.மீ. இறங்கியது.

ஒன்றரை செ.மீ. என்ற ஒரே எண்ணுக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு கதைகள். ஒரு நிலத்தில் கதவு சாத்தியிருக்கிறது, தட்டினால் திறக்கும். இன்னொன்றில் கதவுக்கு அந்தப் பக்கமே தண்ணீர்.

நிறமும் சில நேரம் ஏமாற்றும். சுண்ணாம்புப் பாறையிலிருந்தோ வெள்ளை மணலிலிருந்தோ வந்த மண் பிறப்பிலேயே சாம்பலாக இருக்கும். அங்கே துருப் புள்ளி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அடர்ந்த கருப்பு மண்ணில் புள்ளிகள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு காலத்தில் தண்ணீர் தேங்கிப் பிறகு வாய்க்கால் வெட்டி வடியவைத்த நிலத்தில் பழைய சாம்பல் நிறம் அப்படியே இருக்கும். பக்கத்தில் ஆழமான வாய்க்கால் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்.

கையால் பிசைவது, பாட்டிலில் குலுக்குவது

இவை வடிகால் சோதனைகளே இல்லை, மண் வகைச் சோதனைகள். இருந்தாலும் ஐந்து நிமிட வேலை என்பதால் செய்துவிடலாம். ஈர மண்ணைப் பிசைந்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடா மாதிரித் தள்ளுங்கள். 2.5 செ.மீ. நீளம் வருவதற்குள் ஒடிந்தால் இருமண். 5 செ.மீ.க்கு மேல் நீண்டால் களி. கண்ணாடிப் பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் ஒரு நிமிடத்தில் அடங்கும், வண்டல் சில மணி நேரத்தில், களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கியே நிற்கும்.

ஆனால் களிமண் என்றாலே வடியாது என்றும் மணல் என்றாலே வடியும் என்றும் எழுதிவைப்பது தவறு. நல்ல மணிமணியான கட்டமைப்பும் புழு வளைகளும் உள்ள களி நிலம் அருமையாக வடியும். மணல் நிலத்துக்கு ஒரு மீட்டர் கீழே பாறை இருந்தால் அது ஒரு தொட்டி.

பாட்டில் சோதனையைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. காய்ந்த மண்ணில் பட்டாணி அளவு கட்டி ஒன்றை எடுத்து, சுத்தமான மழைநீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர் இருக்கும் கிண்ணத்தில் மெதுவாக வையுங்கள். குலுக்கக் கூடாது. கட்டி அப்படியே இருந்தாலோ உதிர்ந்து மணியாகக் கிடந்தாலோ பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் ஊற்றியது மாதிரி வெண்மேகம் பரவினால் அது களர், சோடியம் அதிகம். அந்த மண் மழையில் தானே கரைந்து தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். இந்தச் சோதனையை எமர்சன் என்ற மண்ணியலாளர் 1967-இல் வகைப்படுத்திக் கொடுத்தார். களருக்கு ஜிப்சம் மருந்து. ஆனால் சோடியத்தைக் கழுவி இறக்கக் கீழே வழி இருந்தால்தான் அந்த மருந்தும் வேலை செய்யும்.

செடி, படம், பக்கத்துக்காரர்

மண்ணைத் தொடாமலே கிடைக்கும் சாட்சிகள் இவை. நிலத்துக்குள் போகும் முன்பே பார்த்துவிடலாம். சம்பு வளர்ந்து நின்றால் வேறு சோதனையே வேண்டாம், அங்கே வருடத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். கோரை விஷயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. கோரைக் குடும்பத்தில் பல ஈரம் விரும்பிகள். ஆனால் தோட்டமெங்கும் தொல்லை தரும் கோரைக்கிழங்கு ஈரத்திலும் வரும், காய்ந்த மேட்டிலும் வரும். அது ஒன்றுக்கும் சாட்சி இல்லை. ஏற்கெனவே மரங்கள் இருந்தால் அவற்றைப் பாருங்கள். ஒரே வயது மரங்களில் ஒரு வரிசை மட்டும் குட்டையாக, உச்சி காய்ந்து நிற்கிறதா? அந்த வரிசையில்தான் குழி வெட்ட வேண்டும்.

செயற்கைக்கோள் படங்களில் பழைய தேதிகளைப் புரட்டிப் பார்க்கும் வசதி கூகுள் எர்த்தில் இருக்கிறது. வெவ்வேறு வருடப் படங்களில் ஒரே இடம் மட்டும் கறுத்தோ, கோடையில் பச்சையாகவோ திரும்பத் திரும்பத் தெரிந்தால் அங்கே ஈரம் தங்குகிறது. வீட்டில் உட்கார்ந்துகொண்டே பத்து நிலத்தை மூன்றாகக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

அரசு மண் வரைபடங்களும் உதவும், அளவு தெரிந்து பார்த்தால். 1:50,000 வரைபடத்தில் ஒரு மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். ஒரு ஏக்கர் சதுரத்தின் பக்கம் சுமார் 64 மீட்டர். அதாவது உங்கள் நிலம் அந்தக் காகிதத்தில் 1.3 மி.மீ. பொட்டு. அந்த வட்டாரத்தில் என்னென்ன மண் வரலாம் என்று தெரிந்துகொள்ள அது போதும். உங்கள் ஏக்கரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அப்புறம் பக்கத்துக்காரர். அவரிடம் "இந்த நிலம் எப்படிங்க?" என்று கேட்டால் "நல்ல நிலம்தான்" என்பார். விற்கிறவரோடு அவர் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும். "மழைக்கு அப்புறம் எத்தனை நாள் கழிச்சு உழவு ஓட்டுவீங்க?" என்று கேளுங்கள். மற்றவர்கள் மூன்றாம் நாள் இறங்கும்போது இங்கே மட்டும் பத்தாம் நாள் என்றால் பதில் கிடைத்துவிட்டது. இதற்கு முன் என்ன பயிர் இருந்தது என்பதும் நல்ல கேள்வி. நெல் வயலாக இருந்த நிலமென்றால் சேற்றுழவு பல வருடமாக அடியில் வேண்டுமென்றே ஒரு தட்டை உண்டாக்கியிருக்கும். நெல்லுக்கு அது வரம், மிளகாய்க்குச் சாபம்.

குழாய் வைப்பது, ஆளை அழைப்பது

துளையிட்ட பிவிசி குழாயை 1.5 மீட்டர் ஆழத்துக்கு நட்டு வைத்து, ஒரு பருவம் முழுக்க உள்ளே நீர்மட்டத்தை அளப்பது மிகத் துல்லியம். வாங்கும் முன் அவ்வளவு காலம் யாருக்குக் கிடைக்கும்? குத்தகைக்கு எடுத்துப் பிறகு வாங்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். மண்ணியல் நிபுணரை அழைப்பது பெரிய தோப்புப் போடுகிறவர்களுக்கு நியாயமான செலவு. அவரும் வந்ததும் முதலில் குழிதான் வெட்டச் சொல்வார். ஆய்வகத்துக்கு மண் அனுப்புவது சத்துக்கும் உப்புக்கும் நல்லது. பாக்கெட்டில் உடைத்து அனுப்பிய மண்ணில் தட்டும் கிடையாது, நீர்மட்டமும் கிடையாது.

காரணம் தெரிந்த பிறகு

முடிவு எடுக்க உதவுவது காரணம்தான் என்று சொன்னேன். இறுகிய தட்டு என்றால் உளிக்கலப்பையை, மண் காய்ந்திருக்கும்போது, தட்டுக்குச் சற்றுக் கீழே ஓட்டினால் அது நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் வெண்ணெயில் கத்தி போன மாதிரி ஒரு கோடு விழும், அவ்வளவுதான். உடைத்த பிறகு ஆழ வேர்ப் பயிர் போட்டு, ஈரத்தில் வண்டி ஏற்றாமல் காக்க வேண்டும். இல்லையென்றால் தட்டு திரும்ப வரும். இப்படிப்பட்ட நிலத்தை, சரிசெய்யும் செலவைக் கழித்துக்கொண்டு, தைரியமாக வாங்கலாம்.

மண் முழுக்கவே கனத்த களி, ஆனால் நீர்மட்டம் ஆழத்தில் இருக்கிறது என்றால் மேட்டுப்பாத்தி, தொடர்ந்து மக்கு எரு, உழவைக் குறைப்பது என்று சில வருடத்தில் மேல்மண்ணைத் தேற்றலாம். காய்கறிக்கு 45 முதல் 60 செ.மீ. நல்ல மண் போதும் என்பதால் இது கைகூடும். களியில் மணல் கொட்டிச் சரிசெய்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். கொஞ்சம் மணல் களியோடு சேர்ந்தால் செங்கல்தான். குழிக்கு அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்பதும் நடக்காத காரியம். நுண்ணிய மண் நிறைந்து ததும்பும் வரை கீழே இருக்கும் பரும்பொருளுக்குத் தண்ணீரை விட்டுக்கொடுக்காது. ஈரம் ஜல்லிக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

நீர்மட்டமே உயரம் என்றால் வாய்க்காலோ புதைகுழாயோதான் வழி. அதற்கு வெளியேற்றும் வாய் வேண்டும் என்பதை மேலேயே சொன்னேன். என் கறுத்த மண் நிலத்துக்கு மூன்று பக்கமும் மற்றவர் வயல், அதுவும் மேடு. நான்காவது பக்கத்து ஓடையின் மழைக்கால மட்டத்தைக் கரை மரங்களில் ஒட்டியிருந்த சருகுக் கோடு காட்டியது. நிலத்தைவிட ஒரு முழம்தான் கீழே. பழமரத்துக்குக் குறைந்தது ஒரு மீட்டராவது வடிந்த மண் வேண்டும் என்ற கணக்கில் அது தேறவில்லை.

பிறகு அந்த நிலத்தை வேறொருவர் வாங்கினார். நெல்லும் ஓரத்தில் சேம்பும் போட்டிருக்கிறார். அவருக்கு அது சரியான நிலம், எனக்கு வந்திருந்தால் மழைக்கு மழை கைபிசைந்திருப்பேன்.

சரி, உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு நாள் என்றால்? முந்தின இரவு செயற்கைக்கோள் படங்களைப் புரட்டுங்கள். காலையில் நிலத்தைச் சுற்றி நடந்து, மிகத் தாழ்வான இடத்தில் ஒரு குழியும் நடுவாந்தரமான இடத்தில் ஒரு குழியும் ஒரு மீட்டருக்கு வெட்டுங்கள். மேடான மூலையில் வெட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படுவது நம்மையே ஏமாற்றிக்கொள்வது. நிலம் பெரிதாக இருந்தால் மற்ற இடங்களில் விரல் கனத்துக் கம்பியைக் குத்திப் பாருங்கள். ஒரே ஆழத்தில் எங்கும் முட்டினால் தட்டு பரவலாக இருக்கிறது. நிறத்தில் சந்தேகம் வந்தால் மட்டும் தண்ணீர் சுமந்து, சந்தேகம் வந்த அந்த ஆழத்தில் ஊறவைத்து அளக்கலாம். இரண்டாம் நாள் கிடைத்தால் குழிக்கு அடியில் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி போங்கள்.

தோண்ட வேண்டாம் என்கிற உரிமையாளரும் உண்டு. பயிர் நின்றால் அது நியாயம். வரப்போரமோ பயிரில்லாத மூலையோ கேட்டுப் பாருங்கள், மண் துளைக்கும் ஆகர் இருந்தால் கை அகலத் துளையே போதும். தரிசு நிலத்திலும் விடவில்லை என்றால் நான் மேற்கொண்டு பேச மாட்டேன்.

அனுமதி கிடைத்து வெட்டினால் ஆரம்பத்திலேயே மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவித்துவையுங்கள். மூடும்போது அடிமண்ணை முதலில் தள்ளி, மிதித்து, கடைசியில் மேல்மண்ணைப் போட வேண்டும். முதல் மழையில் அமுங்கும் என்பதால் ஒரு சாண் உயரத்துக்குக் குவித்தே விடுங்கள். நீங்கள் வாங்காமல் போனாலும் அங்கே நாளைக்கு மாடு மேயும், ஆள் நடக்கும்.